ஆப்பிரிக்காவில் புலியை விட்டவள்

ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது என்பது நியூயார்க்கில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ரீவா பின்சுக் என்பவளும் பள்ளிக்கூடம் போனவள்தான். ஆனால் 1940-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ப்ராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் சிங்கக் கூண்டுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்து வரையப் போனவளுக்குப் புலிக் கூண்டுதான் பார்க்கக் கிடைத்தது. நடந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்த வினை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ப்ரூக்ளினில், ப்ரவுன்ஸ்வில் பகுதியில், இறைச்சிக் கடைக்கு மேல் மாடியில் அம்மாவோடு குடியிருந்தாள். பகலில் மன்ஹாட்டனில் லூ கேஸ்னரின் காமிக்ஸ் பட்டறையில் போன் எடுப்பாள். மாலையில் ஓவிய வகுப்பு. கேஸ்னரின் பட்டறையில் ஆளுக்கொரு வேலை. ஒருவர் முகம் போடுவார், ஒருவர் கை கால் போடுவார், ஒருவர் மை போடுவார், ஒருவர் எழுத்து எழுதுவார். கேஸ்னர் சத்தம் போடுவார்.

காட்டுக் கதை வரைந்துகொண்டிருந்தவர் ஒரு வியாழக்கிழமை சாப்பிடப் போனவர் திரும்பவில்லை. எதிர்த் தெருக் காமிக்ஸ் கடை அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கேஸ்னர் பட்டறை முழுக்கச் சுற்றி வந்து ரீவாவின் மேஜை முன்னால் நின்றார்.

"உனக்குக் காடு தெரியுமா?"

"ப்ராஸ்பெக்ட் பார்க் தெரியும்."

"போதும். உக்காரு."

அப்படிப் பிறந்தவள்தான் மருனா, காட்டின் ராணி. பொன்னிறக் கூந்தல், கையில் ஈட்டி, இடுப்பில் சிறுத்தைத் தோல். நடுக்காட்டில் வளர்ந்த அநாதை என்றாலும் உதட்டுச் சாயம் மட்டும் அவளுக்கு எப்படியோ தவறாமல் கிடைத்துவந்தது. அவள் செருப்பு இல்லாமல் முள்ளில் ஓடுவாள். முதலையை மூக்கில் குத்துவாள். ஆண்கள் பள்ளத்தில் விழுவதும் அவள் கொடியில் தொங்கி வந்து தூக்குவதுமாகக் கதை போகும். முதல் இதழிலேயே அவளுக்குப் புலி ஒன்று நண்பனாக வந்துவிட்டது. சாயம் அடித்த கதை மேலே சொன்னேனே.

இரண்டாம் இதழுக்குச் சிங்கம் வேண்டியிருந்தது. ப்ராங்க்ஸ்வரை போய் வர நேரமில்லை. நாற்பத்திரண்டாம் தெரு நூலக வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைப் பார்த்து வரைந்துவிட்டாள். அதனால் மருனாவின் காட்டில் சிங்கங்கள் எல்லாம் முன்னங்கால்களை நீட்டிப் படுத்தபடியே எதிரியை முறைக்கும். ஒன்றுகூட எழுந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை.

பெயர் போடுகிற பேச்சு முதல் இதழிலேயே வந்தது.

"பொண்ணு பேரைப் போட்டா எந்தப் பையன் பத்து சென்ட் குடுப்பான்?" என்றார் கேஸ்னர். "இங்க யாரு பேரு நெஜப் பேரு சொல்லு? கடல் கதைக்கு அட்மிரல், குதிரைக் கதைக்கு ஷெரிஃப். காட்டுக்கு ஒரு கேப்டன் வேணும்."

அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். ஆக, இருபது வருஷம் ஆப்பிரிக்காவில் அலைந்த கேப்டன் பெரக்ரின் ஸ்டோக் என்ற பெரிய மனிதர் அரை நிமிஷத்தில் பிறந்தார். கதை எழுதியது ரீவா. படம் ரீவா. வாசகர் கடிதத்துக்குப் பதிலும் ரீவாவேதான். ஒஹையோவிலிருந்து ஒரு பொடியன், 'ஐயா, ஆப்பிரிக்காவில் புலி இல்லை என்று எங்கள் டீச்சர் சொல்கிறார்' என்று எழுதினான். டீச்சர் சொன்னது சரிதான். இருந்தாலும் கேப்டனாயிற்றே, விட்டுக்கொடுப்பாரா? 'தம்பி, உன் டீச்சர் மருனாவின் பள்ளத்தாக்குக்கு வந்ததில்லை. அங்கே ஒரு புலி என் இடது காதில் பாதியைக் கடித்துத் துப்பியது' என்று பதில் போட்டாள். அன்றிலிருந்து கேப்டனுக்கு ஒன்றரைக் காதுதான்.

புலியைக் காட்டைவிட்டு விரட்ட அதற்குப்பின் அவள் பலமுறை முயன்றாள். கேஸ்னர் விடவில்லை. புலி வந்த இதழ் நன்றாக விற்றதாம். விற்பனை விஷயத்தில் அவரிடம் இன்னொரு சூத்திரமும் இருந்தது. ஒரு மாதம் விற்பனை இறங்கினால் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ரீவாவின் மேஜைக்கு வருவார். மருனாவின் பாவாடையை அளப்பார்.

"அரை அங்குலம் எடுத்துரு."

"போன மாசம்தானே எடுத்தோம்?"

"போன மாசம் அவளுக்குக் குளிரா அடிச்சுது? ஆப்பிரிக்கா அம்மா அது."

விற்பனை ஏறினால் அந்த அரை அங்குலம் திரும்பி வருமா என்றால் வராது. பதினான்கு வருஷத்தில் சிறுத்தைத் தோல் கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே குறைதான். கீழே இறைச்சிக் கடை வரிசையில் நிற்கும் பெண்கள், "உங்க பொண்ணு என்ன வேலை பாக்குறா?" என்று கேட்பார்கள்.

"என்னடி சொல்றது நான்? கேப்டன் ஒருத்தர்கிட்ட வேலை பாக்குறேன்னு சொன்னா கல்யாணம் ஆனவரான்னு கேக்குறாளுக."

"கேப்டன்னு யாருமே இல்லம்மா. நாந்தான்."

"புத்தகத்துல பேரு போட்டிருக்கே?"

ரீவாவுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அவளுக்கு வேறு பெரிய ஆசை இல்லை. அந்தப் புத்தகத்தில், ஓரத்தில், எறும்பு அளவு எழுத்திலாவது தன் பெயர் வர வேண்டும். அதை அம்மா அந்த வரிசையில் நின்று விரித்துக் காட்ட வேண்டும்.

1953-இல் மருனாவை டிவிக்கு வாங்கினார்கள். சோப்புக் கம்பெனி ஒன்று விளம்பரதாரர். கேஸ்னர் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். "ரீவா, டிவியில உன் பேரு வரும். எங்கம்மா மேல சத்தியம்" என்றார். கேட்காமலே சத்தியம் செய்தார் என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை முதல் காட்சி. எதிர்வீட்டு கிளான்ட்ஸ் அம்மாவின் கூடத்தில்தான் டிவி இருந்தது. ரீவாவின் அம்மா தேன் கேக் செய்து எடுத்துக்கொண்டு இறைச்சிக் கடை வரிசையையே கூட்டி வந்துவிட்டார். திரையில் முதலில் ஒரு மனிதர் வந்தார். புகைக்குழாய், காக்கிச் சட்டை, இடது காதை மறைத்துச் சாய்த்து வைத்த தொப்பி. "வணக்கம், நான் கேப்டன் ஸ்டோக்" என்றார். வானொலி நாடகத்தில் கதவு தட்டுகிறவனாகவும் போஸ்ட்மேனாகவும் நடித்து, வேலை போய், க்வீன்ஸில் சும்மா இருந்த வெண்டெல் ஹோப் அவர். அப்புறம் மருனா கொடியில் பாய்ந்தாள். பாய்ந்தது நடிகை இல்லை. பொய்முடி வைத்த ஒரு சர்க்கஸ்காரர். முழங்காலுக்குக் கீழே ரோமம் தெரிந்தது. கடைசியில் எழுத்து ஓடியது: 'மருனாவைப் படைத்தவர், கேப்டன் பெரக்ரின் ஸ்டோக்.'

கூடத்தில் கேக் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உன் பேரு எங்கடி?" என்றார் அம்மா.

"அடுத்த வாரம் வரும்மா."

ரீவாவுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. மறுநாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேஸ்னரின் அறைக்குள் போனாள்.

"சத்தியம் பண்ணீங்களே?"

"பண்ணேன், இல்லங்கல. சோப்புக் கம்பெனிக்காரன் காட்டுல இருந்து வந்த ஆளு வேணுங்கறான். நீ ப்ரவுன்ஸ்வில்ல இருந்து வர்றே."

"அவரு க்வீன்ஸ்ல இருந்து வர்றாரு!"

"ஆனா குழாய் பிடிக்கிறாரு பாரு, அது உனக்கு வருமா?"

அன்று வேலையை விட்டிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் தோழிகள் சொல்வார்கள். வேலையை விட்டால் மருனாவை யாராவது வேறு ஆள் வரைவான். அதை நினைத்தாலே அவளுக்குப் பொறுக்கவில்லை. அழுதாள், மூக்கைத் துடைத்தாள், முதலை வரையப் போனாள்.

அடுத்த வருஷம் காற்று திசை மாறியது. நாட்டில் பிள்ளைகள் கெட்டுப்போவதெல்லாம் காமிக்ஸால்தான் என்று பெரியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளி மைதானங்களில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். நகரத்தில் ஓர் ஒழுக்க விசாரணைக் குழு உட்கார்ந்தது. மருனாவின் பாவாடைக்குப் பதில் சொல்ல கேப்டன் பெரக்ரின் ஸ்டோக் நேரில் வரவேண்டும் என்று சம்மன் வந்தது. சம்மனைப் பார்த்த வெண்டெல் ஹோப், தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கலிஃபோர்னியாவுக்கு ரயிலேறிவிட்டார்.

அன்று கேஸ்னர் தன் கையாலேயே காப்பி கலந்து ரீவாவின் மேஜைக்குக் கொண்டுவந்தார். பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ரீவா கண்ணு, உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல? மருனாவை உருவாக்குனது யாரு? நீதானே? அந்தப் பெருமையை நான் எப்படிம்மா மறைப்பேன்?"

"பாவாடை உருவாக்குனது?"

"கதைன்னா பாவாடையும் சேத்துத்தானே." அவர் ஸ்கேலை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டிருந்தார்.

வீட்டில் அம்மா இடிந்துபோனார். "வேணாம்டி. போன் எடுக்குற பொண்ணுன்னு சொல்லிடு. விட்டுருவாங்க. ஆமான்னு ஒத்துக்கிட்டவங்களுக்கு எந்தக் கடையிலயும் வேலை குடுக்கறதில்லையாம், கீழ கடை வரிசையில பேசிக்கிறாங்க."

அது உண்மைதான். ரீவாவுக்கும் தெரியும். இரவெல்லாம் யோசித்தாள். காலையில் நல்ல தொப்பியாக எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

விசாரணை மண்டபத்தில் ஐந்து பேர் உயரமான மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். தலைவர் டில்லிங் என்ற கிழவர், மருனாவின் இதழ் ஒன்றை இரண்டு விரலால் செத்த எலியைப் போலத் தூக்கிக் காட்டினார்.

"இதை எழுதினவர் எங்கே?"

"நாந்தாங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பின்னல் ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி, மடியில் கைப்பை.

"அம்மா, நீங்க யாரையோ காப்பாத்தப் பாக்குறீங்க. கேப்டன் எங்கே ஓடினார்? ஆப்பிரிக்காவுக்கா?"

"கேப்டன்னு யாருமே இல்லீங்க."

"விசுவாசமான செயலாளர்" என்று பக்கத்திலிருந்த இறகுத் தொப்பி அம்மாள் உருக்கமாகச் சொன்னார். "பாவம், மனசுல ஏதோ இருக்கு."

ரீவாவுக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. பெருமைதான் கிடைக்கவில்லை, பழியைக்கூடவா அந்த ஆளுக்கே கொடுப்பார்கள்? எழுந்தாள். "பென்சில் குடுங்க" என்றாள். சுருக்கெழுத்துக்காரர் ஒன்றை நீட்டினார். அவள் சம்மனையே திருப்பிப் போட்டு, நின்றபடி வரைந்தாள். கூந்தல், ஈட்டி, கொடி, பக்கத்தில் புலி. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. காகிதம் மேஜையில் கைமாறியது. இறகுத் தொப்பி அம்மாள் அதை மற்றவர்களைவிட நீண்ட நேரம் வைத்திருந்தார்.

"பாவாடை நீளம் மிஸ்டர் கேஸ்னர் ஸ்கேல் வச்சு அளந்து சொன்னதுங்க" என்றாள் ரீவா. "அதை அவருகிட்ட கேளுங்க. ஆனா புலி என் தப்பு. ஆப்பிரிக்காவுல புலி கிடையாது. பதினாலு வருஷமா அங்க உலாவ விட்டுட்டேன். அதை எம் பேருல எழுதிக்குங்க."

டில்லிங் தொண்டையைக் கனைத்தார். "அப்படின்னா, படத்துல கையெழுத்துப் போடுங்க."

காகிதம் திரும்பி வந்தது. ரீவா பென்சிலைப் பிடித்தபடி நின்றாள். கேப்டனின் கையெழுத்தை ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறாள். தன் பெயரை எந்த மூலையில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் புலியின் காலடியில் எழுதினாள்: ரீவா பின்சுக்.

மாலைப் பத்திரிகை ஒன்று காலையிலேயே தலைப்பை அச்சுக் கோத்துவைத்திருந்தது. 'கேப்டன் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி ஓட்டம்' என்று வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, "அப்ப அந்த ஆளு நெஜமாவே இருந்தாரா?" என்றார்.

டிவி மருனா இன்னும் பதினோரு வாரம் கொடியில் தொங்கிவிட்டு நின்றுபோனாள். கேஸ்னர் சமையல், வீட்டுக் குறிப்புப் புத்தகங்கள் போடப் போனார். ரீவாவுக்கு அந்தத் தெருவில் யாரும் பென்சில் கொடுக்கவில்லை. பெரிய கடை ஒன்றில் கையுறைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் நின்றாள். வாங்க வருகிறவர்களின் கையைப் பார்த்தே அளவு சொல்வாள். அங்கே அவள் பெயர் எழுதிய பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை.

அந்தப் படம் மட்டும் குழுவின் கோப்பில், சான்று எண் ஏழு என்று, ஒரு நிலவறை அலமாரியில் கிடக்கிறது. ரீவா பின்சுக் பெயர் போட்ட மருனா உலகத்தில் அது ஒன்றுதான். கோப்புக் கட்டிய குமாஸ்தா ஒழுக்கமானவர் போலிருக்கிறது. சான்று எண் எழுதிய சீட்டை மருனாவின் தொடைமேல் நன்றாகப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். சீட்டு இன்னும் இரண்டு விரல் நீளமாக இருந்திருந்தால் கையெழுத்தும் போயிருக்கும்.