அண்ணன் மூஞ்சி தெரியிற லென்ஸ்

லென்ஸ் வாங்கப் போகிறேன், யோசனை சொல்லு என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "உங்க வூட்டு ஹால் எம்மாம் பெரிசு?" என்றுதான். கேட்டவர்கள் முழிப்பார்கள். முழிக்கட்டும். என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் நல்லதாகப் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது காலடிப்பேட்டை. சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து என்று வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுக்கிறேன். பொம்பளப் புள்ள விசேஷத்துக்குப் பொம்பளையே வந்து படம் எடுத்தால் தேவலை என்று நினைக்கிற அம்மாக்கள் எங்கள் பக்கம் நிறைய. மகராசிகள் நன்றாக இருக்கட்டும், அவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வாடகைக் கேமராவிலேயே பல வருஷம் தள்ளி, கடைசியில் சொந்தமாக ஒரு மிர்ரர்லெஸ் கேமரா வாங்கினேன். அதோடு வந்த ஜூம் லென்ஸ் வெயிலில் ராஜா மாதிரி இருக்கும். மண்டபத்துக்குள் போனதும் தடுமாறும். இருட்டிலும் வெளிச்சத்தை இழுத்துக்கொள்கிற ஒரு பிரைம் லென்ஸ் கட்டாயம் வேண்டியிருந்தது. பிரைம் என்றால் அதில் ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம் கிட்டே போக வேண்டும், தள்ளி வேண்டுமென்றால் நாம்தான் பின்னால் நகர வேண்டும்.

கேமராக் கம்பெனியே செய்கிற பிரைம் லென்ஸ் விலையைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "அந்தத் துட்டுக்கு ஒரு பழைய ஆட்டோ வாங்கி ஓட்டலாம்மே" என்றார். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். அதனால் நான் தேர்ட் பார்ட்டி லென்ஸ் பக்கம் போனேன். நம் கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனிக்காரன் செய்து, பாதிக்கும் குறைவான விலைக்கு விற்கிற லென்ஸ் அது. சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் எல்லாம் இன்னும் வாடகைக் கேமராவைத்தான் துடைத்துக்கொண்டிருப்போம்.

ஆனால் எதை வாங்குவது? அங்கேதான் பேஜார். சோறு வேகும்போதும் துணி காயப்போடும்போதும் போனில் வீடியோ பார்த்தேன். இருபத்தஞ்சு எம்எம் என்றால் கொஞ்சம் அகலமாகத் தெரியும், அம்பத்தாறு என்றால் முகத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும். ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா, கையால் திருப்ப வேண்டுமா, எங்கள் உப்புக் காத்துக்குத் தாங்குமா என்று எல்லாம் பார்த்தேன். பாவி, ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அந்த வீடியோவில் பேசுகிற ஒருத்தன் வீட்டிலாவது கொடியில் துணி காய்ந்ததா? மூலையில் சிலிண்டர் இருந்ததா? எல்லாரும் தோட்டத்தில் நின்று பத்தடி பின்னால் போய் எடுக்கிறார்கள். எங்கள் வீடுகளில் பத்தடி பின்னால் போனால் பக்கத்து வீட்டு அடுப்படி வந்துவிடும்.

பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில் அந்த அம்பத்தாறை மாட்டிப் பார்த்தேன். எஃப் ஒன்று புள்ளி நான்கு. அந்த எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும், முகத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அவ்வளவு மங்கும். கடைக்காரரின் முகம் கண்ணாடி மாதிரி வந்தது. பின்னால் இருந்த ரோடு, பஸ், குப்பைத் தொட்டி எல்லாம் காணாமல் போய், லைட்டெல்லாம் லட்டு லட்டாக உருண்டு நின்றது. அடேங்கப்பா! எனக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. எத்தனை வருஷம் ஃபிளெக்ஸ் பேனரும் துருப்பிடித்த ஷட்டரும் பின்னால் வந்து என் படத்தைக் கெடுத்திருக்கிறது! எங்கள் ஏரியாவை அப்படியே துடைத்துப் போடுகிற லென்ஸ் கையில் கிடைத்துவிட்டது. வாங்கிவிட்டேன்.

அந்த லென்ஸில் நான் எடுத்த முதல் பெரிய விசேஷம் என் அக்கா மகளின் சடங்கு.

இங்கே எங்கள் குடும்பக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேலே ஒரே அண்ணன், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். அக்கா தன் இஷ்டத்துக்கு ஒருத்தரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்குப் போனாள். எங்கள் குப்பத்து ஆள் இல்லை அவர். அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அவள் பெண் பிறந்து, வளர்ந்து, பெரிய மனுஷியாகிவிட்டாள். அண்ணன் அவள் வீட்டுப் படி ஏறியதில்லை. ஆனால் சடங்கு என்றால் தாய்மாமன் வர வேண்டும், மாலை போட வேண்டும், சீர் வைக்க வேண்டும். அதை விட்டால் ஊர் காறித் துப்பும். மீன்பிடித் தடைக்காலம் வேறு, படகெல்லாம் கரையில் நிற்கிறது. கடலுக்குப் போய்விட்டேன் என்று சாக்குச் சொல்லவும் முடியாது. வருகிறேன் என்று அண்ணி மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சடங்குக்கு முதல் நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் வரும். மால போடும். கை நனைக்காம போய்க்கினே இருக்கும், எனக்குத் தெரியும். இன்னொரு தபா என் வூட்டு விசேஷத்துக்கு எங்க வரப் போவுது? அந்த ஒரு நிமிஷத்த மட்டும் எனக்கு எட்த்துக் குட்த்துடு. அது மூஞ்ச ஹால்ல மாட்டி வெச்சி டெய்லி பாத்துக்கினாவது இருக்கேன்."

"எங்கிட்ட வுட்டுட்டல்ல, கவலப்படாத" என்றேன். என்ன திமிர்!

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. அண்ணன் புதுச் சட்டையில், ஷேவ் பண்ணி, தாம்பாளங்களோடு வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, மேலேயிருந்து மாலையைப் போட்டார். நான் படமாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். சின்ன மண்டபம், என் முதுகு சுவரில் முட்டியது, நகர இடமில்லை. பந்தி போட்டார்கள். அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பெண்ணின் கண் இமை ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருக்கிறது. பின்னால் நின்ற அண்ணன் எல்லாப் படத்திலும் மங்கல். கேமரா கிட்டே இருக்கிற கண்ணைத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறது. நான் அந்த ஒன்று புள்ளி நான்கை ஆணி அடித்த மாதிரி மாற்றாமலே வைத்திருக்கிறேன். பின்னால் இருப்பதை மறைக்கத்தானே வாங்கினேன்? அது சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது.

அக்காவிடம் போனில் காட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். பெரிசாக்கினால் மங்கலும் சேர்ந்து பெரிசாகும், வேறென்ன?

"இது ஸ்டைலுதான்க்கா. இப்ப எல்லாரும் இப்டித்தான் எடுக்கிறாங்க" என்று எரிந்து விழுந்தேன். குற்றம் நம் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ஸ்டைலா இருக்கட்டும்" என்றாள். "எங்கண்ணன் எங்கடி?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் போனைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அழுது இன்னா ஆவப் போவுது? போய் உங்கண்ணன் கால்ல வுயு. திருப்பி வந்து நிக்கச் சொல்லு" என்றார். கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்கு எதுவும் கனமாகத் தெரியாது போல.

காசிமேட்டில் அண்ணன் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிரஷ்ஷை டப்பாவில் போட்டார்.

"திருப்பி மால போடணுமா? இன்னா, நான் வேஷம் கட்றவனா? போ, போய் வேலயப் பாரு."

பேசாமல் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். வெயிலுக்குக் கையால் மறைத்து மறுபடி பார்த்தார்.

"இதுல நான் எங்க கீறேன்?"

"அதாண்ணா, பின்னாடி..."

"இதுவா? புதுச் சட்ட போட்டுக்கினு, சீரெல்லாம் தூக்கிக்கினு வந்தா, என்னப் புகையாட்டம் அடிச்சி வெச்சிக்கீற! நாளைக்கு எவனாச்சும் பாத்தா மாமன் வரவே இல்லன்னுல சொல்லுவான்!"

அப்புறம் கொஞ்ச நேரம் என்னையும் என் கேமராவையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். கடைசியில், "ஞாயித்துக்கெயம வரேன். மூஞ்சி தெரியல, கேமராவத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்" என்றார்.

இனி லென்ஸ். இந்த முறை வீடியோ எதுவும் பார்க்கவில்லை. இனி மண்டபம் கிடையாது, அக்கா வீட்டு ஹாலில்தான் எடுக்க வேண்டும். பழைய ஜூம் லென்ஸை எடுத்துக்கொண்டு அங்கேயே போனேன். அதை அம்பத்தாறில் வைத்துக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தால் பெண்ணின் தலை மட்டும்தான் தெரிகிறது. முப்பத்தஞ்சில் வைத்தால் இரண்டு பேர், அதுவும் தோளோடு வெட்டுப்பட்டு. இருபத்தஞ்சுக்குக் கொண்டுவந்ததும் நாற்காலி, பின்னால் நிற்க இடம், பக்கத்தில் அக்கா நிற்க இடம், அந்தப் பக்கம் பீரோ, எல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஜூம் வளையம் நகராமல் டேப் ஒட்டி, அந்த ஹாலில் நடந்து நடந்து பார்த்தேன். லென்ஸைத் தேர்ந்தெடுக்கிற இடம் கடை இல்லை, நாம் நிற்கப் போகிற வீடு என்று அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு ஏறியது.

அதே கடைக்குப் போய் அம்பத்தாறைக் கொடுத்து இருபத்தஞ்சை வாங்கினேன். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால் திருப்ப வேண்டும், முழுக்க இரும்பு. என் ஜூமில் இல்லாத ஒன்று, இதன் மேலேயே தூரம் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். எஃப் எட்டில் வைத்து, ஆள் நிற்கிற தூரத்துக்கு ஒரு தரம் திருப்பி வைத்துவிட்டால், முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து தெரிவார்கள். வெளிச்சம் குறையும், படத்தில் புள்ளி புள்ளியாக விழும். விழுந்துவிட்டுப் போகட்டும். கடைக்காரர், "அத்தக் குட்த்துட்டு யாராச்சும் இத்த வாங்குவாங்களா?" என்று சிரித்தார். அவரிடம் எங்கள் அண்ணனைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் ஒரு பை நிறைய இறால். பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கதவருகில் கீழே வைத்தார். பெண் தயாராவதற்குள் அக்கா அதை எடுத்துப்போய் ஆய்ந்து அடுப்பில் ஏற்றிவிட்டாள். பெண் பள்ளிக்கூட டீஷர்ட்டுக்கு மேலேயே பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். "மாமா, குனியாதீங்க, அப்புறம் மூஞ்சி தெரியாது" என்று அவள் சொல்ல, அண்ணன் விறைப்பாக நின்றார். மேளம் இல்லை, கூட்டம் இல்லை, ஊருக்குப் பயந்து எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாலு படத்தில் வேலை முடிந்தது.

அண்ணன் செருப்பைத் தேடினார். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "சோறு ஆச்சி" என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் மெதுவாகப் பாயை எடுத்து விரித்தார். அண்ணன் அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சட்டென்று கேமராவைத் தூக்கினேன். கையால் திருப்புகிற லென்ஸ், முன்னாலேயே திருப்பி வைத்திருந்தேன், இல்லையென்றால் அன்றைக்கும் கோட்டை விட்டிருப்பேன். அக்கா குனிந்து சோறு போடுகிறாள், இறால் தொக்கு வைக்கிறாள், அண்ணன் பிசைந்து ஒரு வாய் போடுகிறார்.

"உப்பு கம்மி" என்றார்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் அவளிடம் பேசின முதல் பேச்சு அது. அக்கா உப்பு டப்பாவை எடுக்க உள்ளே ஓடினாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது, கையில் உப்பு டப்பா இல்லை. அண்ணன் அப்படியே சாப்பிட்டு முடித்து, மறுசோறும் வாங்கினார்.

படத்தில் எல்லாம் தெரிந்தது. சிலிண்டர், கொடியில் துண்டு, சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு, சிரிக்கிற பெண், கரண்டியோடு அக்கா, வாய் நிறையச் சோற்றோடு எங்கள் அண்ணன். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோதே எனக்குத் தெரியும், நான் எடுத்ததிலேயே இதுதான் படம் என்று. அந்த மட்டமான விலைக்கு இதைச் செய்து அனுப்பினவன் எந்த ஊர்க்காரனோ, அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். அம்பத்தாறைச் செய்தவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அன்றைக்கு மண்டபத்தில் படம் ஒழுங்காக விழுந்திருந்தால் அண்ணன் ஏன் திரும்ப வரப் போகிறார்?

அண்ணன் கிளம்பினார். மாடிப்படி முனையில் நின்று என்னைப் பார்த்து, "இன்னா, இந்த வாட்டியாவது நான் தெரியறனா?" என்று கேட்டார்.

நான் பெருமையாக வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அக்கா என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், உயிர் போய்விட்டது.

"சரியா வர்லியாம்ணா" என்றாள் அவள். "அடுத்த ஞாயித்துக்கெயமயும் வரணுமாம்."

அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணா" என்றேன். "லென்ஸு சரியில்ல."

"சல்லிசா வாங்குனா இப்டித்தான்" என்று திட்டிக்கொண்டே அண்ணன் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "வரேன். உப்பப் பாத்துப் போடச் சொல்லு" என்றார்.