இடக்கைத் துவக்கு

காத்தான்குடியில் இரும்புக் கேட்டும் கிறில்லும் ஒட்டிக் கொடுக்கும் பட்டறைக்காரர் பதியுதீன், ஐம்பதைத் தாண்டிய வயதில் படைக்கலத் துறைக்குள் பிரவேசித்தார். காரணம் ஒரு சினிமாப் படம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் படுவான்கரை வயல்வட்டையொன்றில் யுத்தப் படம் எடுத்தார்கள். நம்முடைய யுத்தம் அல்ல. அதற்கு அனுமதி எடுப்பது கரைச்சல். ஆகவே பழைய உலக யுத்தம். அதற்கொரு யுத்தத் தாங்கி வேண்டும். பதியுதீன் ஓர் உழவு இயந்திரத்துக்குத் தகரச் சட்டை போட்டு அதைச் செய்துகொடுத்தார்.

துவக்கில்தான் சிக்கல். டைரக்டர் கொண்டுவந்தது, காலாட்படைக்காரன் தரையில் குப்புறக் கிடந்து சுடுகிற இலகு இயந்திரத் துப்பாக்கி. மரமும் பைப்பும் சேர்த்த பொம்மைதான்; ஆனால் அச்சு அசல். தாங்கிக்குள் ஏற்றினால் முன்கால் இரண்டும் தகரத்தில் இடித்தன, பின்கட்டை சுடுகிறவனின் நெஞ்சில் குத்தியது, மேலே நீட்டி நின்ற, தோட்டா அடைக்கும் ரவைக்கூடு கூரையை முட்டியது. உலகப் பெரும் படைகளெல்லாம் இதே இடத்தில் முழி பிதுங்கி நின்றதாக டைரக்டர் சொன்னார். பதியுதீனுக்கு அந்தப் படைகளின் மேல் இரக்கம் வந்தது.

கால்களை அறுத்தார். கட்டையைக் குறுக்கி மடங்க வைத்தார். நீட்டுக் கூட்டைக் கழற்றித் தட்டையான வட்டக் கூடு பொருத்தினார். குழல் நாலாபக்கமும் கிறுகித் திரும்ப வேண்டுமே என்று, பழைய வாகனமொன்றில் இழுவைப் பெட்டி கொழுவிய இரும்பு உருண்டையைத் துளைத்து அதற்குள் செருகினார். படத்துக்காகக் கொட்டவிடும் வெற்றுத் தோட்டாக்கள் உள்ளே சிதறாதிருக்க, மனைவி ஷாகிரா தலையணை உறையில் ஒரு பை தைத்துக் கொடுத்தார்.

"இதெல்லாம் எந்தப் பட்டாளத்துக்கு?" என்றார் ஷாகிரா.

"எனக்குத்தான். நான்தானே உள்ள இருந்து சுடப்போறன்."

அதுதான் விஷயம். அவர் கேட்டு வாங்கியது அந்த ஆசனத்தை. தன் முகம் ஒருமுறை திரையில் வரவேண்டும். டைரக்டரிடம் பேசி ஒழுங்கு செய்தவர் மின்ஹாஜ், பட்டறையில் பங்காளி. இளந்தாரிக் காலம் தொட்டு இருவரும் கலியாண வீடுகளில் ஒரே சஹனில் சாப்பிடுகிறவர்கள். ஒரு தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் அந்த விருந்தில், நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்து மின்ஹாஜின் பக்கம் தள்ளுவது பதியுதீனின் வழக்கம்.

பதியுதீன் இடக்கைக்காரர். சாப்பாடு மட்டும் வலக்கையால். மிச்ச உலகம் முழுவதும் இடக்கையால். துவக்கின் பிடி, விசை, இருக்கை எல்லாம் அந்தக் கைக்கே அமைந்தன.

படப்பிடிப்பன்று அத்தர் பூசிக்கொண்டு போனார். தாங்கிக்குள்ளிருந்து ஓர் இரும்புத் தொப்பி எட்டிப் பார்த்தது. தொப்பிக்குக் கீழே மின்ஹாஜ்.

"மச்சான், கோவிக்காத. ஒனக்குப் பிறசர் எண்டு சொல்லிட்டன். இந்த ஒடுக்கத்துக்குள்ள மயக்கம் போட்டா என்ன செய்யிற?"

"எனக்கெங்கடா பிறசர்?"

"இப்ப ஏறுதா இல்லையா, பாரு!"

டைரக்டர் மிகுந்த பரிவோடு, "அங்கிள், நிழல்ல இருங்க" என்று கதிரை போட்டுக் கொடுத்தார். ஒள்ளம் நேரம் பொறுத்து அவரே கூப்பிட்டும் அனுப்பினார். மின்ஹாஜ் வலக்கைக்காரர், விசை எட்டவில்லை, முழங்கை தகரத்தில் அடித்தது.

பதியுதீன் உள்ளே இறங்கினார். பிடியை அறுத்து வலப்பக்கம் வைத்து ஒட்டினார். தரைத் துவக்கைத் தாங்கிக்கு மாற்றியது ஒரு வேலையே அல்ல. தனக்குச் செய்ததை மின்ஹாஜுக்கு மாற்றியதுதான் வேலை.

"மச்சான்ட கை, கைதான்!" என்று மேலேயிருந்து புகழ்ந்தார் மின்ஹாஜ்.

படம் வெளியானது. தாங்கி வந்தது. தாங்கிக்குள்ளிருந்து குழல் வந்தது, குழலிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்தவரின் மூக்குக்கூட வரவில்லை.

அந்தக் கிழமை பக்கத்துத் தெரு மீராசாஹிபின் மகளுக்குக் கலியாணம். "ஒராள் குறையுது, வாங்க" என்று யாரோ பதியுதீனைப் பிடித்து இருத்திய சஹனில் மின்ஹாஜும் இருந்தார்.

"பாத்தியா மச்சான்? அந்தத் தகரத்துக்குள்ள வெந்து கிடந்தனே! ஒருக்கா மூஞ்சக் காட்டினா அந்த டைரக்டருக்கு என்ன கொறைஞ்சி போகும்? வாக்குத் தந்துபோட்டு இப்பிடிக் கழுத்தறுக்கிற மனிசனும் இரிக்கானா?"

பழக்கத்தில் பதியுதீனின் கை ஒரு நல்ல துண்டைப் பிய்த்து மின்ஹாஜின் பக்கம் போனது. மின்ஹாஜும் பழக்கத்தில் தன் முன்னிருந்த சோற்றை ஒதுக்கி அதற்கு இடம் செய்தார்.

கை நடுவழியில் நின்றது. மறுகா தன் பக்கமே கிறுகி வந்தது. துண்டைத் தன் வாயில் போட்டு மென்றார் பதியுதீன். அதில் ருசி ஒன்றும் இருக்கவில்லை.