பூட்டிய குழாயும் மதிலோரச் செவ்வரத்தையும்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பின்வீட்டு முற்றத்துக் குழாயில் வெயிலில் சுடும் ஒரு பித்தளைப் பூட்டுத் தொங்கியது. சண்டைக் காலம்; மழையும் பொய்த்த வருடம். பூட்டியவர் வீட்டுக்கார ஐயா. காலையில் எங்களுக்கு ஒரு வாளி. பிறகு திறப்பு அவர் இடுப்பில். விபூதியைப் பட்டையாக இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கத் தேவாரம் பாடியபடி தன் அந்தூரியச் சாடிகளுக்கு மட்டும் தாராளமாக ஊற்றுவார். நேற்றுவரை "நாங்கள் ஒரு குடும்பம்" என்ற வாய். பொலிசின் சுற்றிவளைப்பில் என் கணவரைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போன அன்று, "ஐயா, இவர் உங்கட வீட்டில இருக்கிறவர் எண்டு பொலிசில ஒரு சொல் சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன். "எனக்கேன் பிள்ளை வில்லங்கம்? நீங்கள் வாடகைக்கு வந்த ஆக்கள்தானே" என்றார்.

என் கணவர் திரும்பி வரும்வரை தினமும் ஒரு செவ்வரத்தம்பூ வைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். மதிலோரம் நின்ற செடிக்கு அரிசி கழுவிய தண்ணீர்தான். வெயிலேறினால் இலை துவளும், மாலையில் நிமிரும். பிறகு நிமிரவில்லை, மஞ்சளாகிக் கொட்டியது. மொட்டும் நின்றது. பூவுக்குப் பதிலாக உதிர்ந்த இலையையே அழுதழுது வைத்தேன். ஐயா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "செத்த மரத்துக்கு ஏன் பிள்ளை தண்ணி? பிடுங்கி எறியும்." நகத்தால் தண்டைக் கீறினேன், உள்ளே பச்சை. குடிக்க வழியில்லாத செடி இலையை விட்டுத் தண்டையும் வேரையும் காக்கிறது. அது உதிர்த்தது உயிருக்காக. இந்த மனிசன் எங்களை உதிர்த்தது வேட்டி கசங்காமல் இருக்க.

பிறகு தெரு முழுவதற்கும் குழாய்த் தண்ணீர் வராமல் நின்றுபோனது. ஊற்ற ஊற்றக் குடித்துப் பழகிய அந்தூரியங்கள் ஒரு கிழமையில் கருகின. சாடிகளுக்கு முன்னால் குந்தியிருந்து ஐயா அழுதார். என் புருஷனுக்காக வராத கண்ணீர்.

மழை வந்தது. செவ்வரத்தை கணுக்கணுவாகத் துளிர்த்தது. முதற்பூ விரிந்த கிழமையில் என் கணவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். ஐயா வாசலுக்கே ஓடி வந்துவிட்டார்.

"தம்பி, நான் அப்பவே பொலிசில கதைச்சனான், தெரியுமோ?"

"ஓம், ஐயா கதைச்சவர்" என்றேன். "அந்தூரியத்தோட."

அந்தச் செடியில் ஒடித்து நட்ட கொப்புத்தான் இன்று என் முற்றத்தில், திறந்த குழாய்க்குப் பக்கத்தில் பூத்து நிற்கிறது. ஐயா காலமாகிவிட்டாராம். அவர் பேரில் ஒரு பூ வைக்கலாம் என்று போனேன். கொப்பைப் பிடித்த கைக்குப் பித்தளைப் பூட்டின் சூடுதான் தெரிந்தது. பறிக்கவில்லை. மன்னிக்கிற வேலையைப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.