இன்னும் கொஞ்சம் திட்டுங்கம்மா

பஸ்ஸில் ஏறியதும், கம்பியைப் பிடிப்பதற்கு முன்பே, எதிரில் இருப்பவர்களைப் பார்த்து ஈ என்று இளித்துவிடுவார். பதிலுக்கு அவர்களும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். சிரித்தால் பல் தெரியுமே! பல் கட்டுவது அவர் தொழில். பல் டாக்டரின் அறைக்குப் பின்னால் ஒரு பொந்தில் மெழுகும் தூளுமாக முப்பது வருஷம் ஓட்டியாயிற்று. "டப்பாவுல வர்ற பல்லு எல்லாம் ஒரே அச்சு சார். மனுஷப் பல்லு பஸ்லதான் இருக்கு" என்பார்.

பஸ்ஸுக்கு இது தெரியுமா? ஒருவர், மறந்துபோன சொந்தக்காரனோ என்று பயந்து தூங்குவதுபோல் நடிப்பார். இன்னொருவர், பாலிசி விற்க வந்த ஆள் என்று பையை மடியில் இறுக்கிக்கொள்வார். பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். தினமும் வருகிறவர்கள் வைத்த பெயர் இளிச்சவாயர். அதற்கும் இளிப்பார் மனுஷன்.

போன மாதம் அந்த இளிப்பில் கொஞ்சம் பதற்றம் சேர்ந்தது. அவருடைய அக்கா படியில் வழுக்கி முன்பல் இரண்டையும் தொலைத்திருந்தாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அக்காவுக்குச் சிரிப்பும் போச்சு. எந்நேரமும் வாய்மேல் கை. மகள் கல்யாணத்துக்குப் பத்தே நாள். தம்பி வரிசையாக, அழகாகக் கட்டிக் கொடுத்த பல்லை இரண்டு தடவை கழற்றி வைத்துவிட்டாள்.

"இது யார் வீட்டுப் பல்லுடா? கண்ணாடியில வேற எவளோ நிக்கிறா. நான் கல்யாணத்துக்கே வரல, போ."

அக்காவுடையது தெத்துப்பல். ஒன்றின்மேல் ஒன்று லேசாகக் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் எவ்வளவு லேசாக? பழைய போட்டோக்களில் அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஊர்ப் பல்லையெல்லாம் எண்ணியவருக்கு, பிறந்ததிலிருந்து பார்த்த சிரிப்பு நினைவுக்கு வரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் ஒரு காலை, பஸ்ஸில் ஒரு அம்மாள் கொட்டாவி விட்டாள். அதே தெத்துப்பல்! இவர் காதுவரை இளித்தார். அம்மாள் வாயைப் பூட்டிக்கொண்டாள். இவர் குனிந்து, நிமிர்ந்து, இன்னும் இளித்தார்.

"என்னய்யா பல்லைக் காட்டுற? உனக்கு அக்கா தங்கச்சி இல்ல?"

"அக்கா இருக்காங்கம்மா! அவங்களுக்காகத்தான்!"

அம்மாளுக்குத் தலைக்கேறிவிட்டது. ஒவ்வொரு வசவுக்கும் பல் பளிச் பளிச்சென்று தெரிந்தது. மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நிறுத்தாதீங்கம்மா. இன்னும் கொஞ்சம் திட்டுங்கம்மா!"

"பைத்தியம்டா! இறக்கி விடுங்க!" என்று பஸ்ஸே எழுந்தது. கண்டக்டர் அவர் பையைப் பிடித்து இழுக்க, ஜிப் பிய்ந்தது. உள்ளேயிருந்து முழுப் பல்செட் ஒன்று கண்டக்டரைப் பார்த்து இளித்தது. "ஐயோ!" என்று பின்னால் பாய்ந்தவர் டிரைவர் மடியில் விழாத குறை. அப்புறம் யாரோ ஒருவர் களுக்கென்று ஆரம்பிக்க, அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் அக்கா கதையைச் சொல்லி முடித்தார்.

"இதை மொதல்லயே வாயைத் தொறந்து கேக்கறதுக்கு என்ன கேடு?" என்றாள் அம்மாள்.

"வெக்கமா இருந்துச்சும்மா."

அம்மாள் வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, ஈ என்று காட்டியபடி, தான் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டி இரண்டு ஸ்டாப் வந்தாள். இவர் பையிலிருந்த மெழுகை எடுத்து, அந்தப் பல் வரிசையை அதில் நகத்தால் கீறிக்கொண்டார். "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார்" என்று கண்டக்டரே யோசனை சொன்னார்.

கல்யாணத்துக்கு முதல் நாள், அக்கா புதுத் தெத்துப்பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். உற்றுப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் வாயை மூட எழுந்த கை பாதியில் நின்றது. அப்படியே திரும்பி, ஐம்பது வயதுத் தம்பியின் கன்னத்தை வலிக்க வலிக்கக் கிள்ளியது.