முரண் என்று வெட்டப்பட்ட கடல்

யூஜினா அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஒன்றை மட்டும் மெல்ல விலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர் ஆடை கட்டிப் போயிருந்தது. “கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்காதீங்க. கடல் ஒன்னு திறக்குது” என்றார்.

பம்பலப்பிட்டியில் பாடநூல் அச்சிடும் எங்கள் சின்னக் காரியாலயத்தில், ஆங்கில விஞ்ஞானப் பாடங்களைத் தமிழாக்குவது அவர் வேலை. எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை. தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, யாரோ லீவில் போன மாதம் மொழிபெயர்க்கத் தொடங்கியவர் பத்தொன்பது வருடமாக நிறுத்தவில்லை. அவருக்கு ஒரே ஒரு விதி: “கையால செஞ்சு பாக்காததை நான் எழுத மாட்டேன்.”

ஊசல் பற்றிய பாடத்துக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுச் சாவியை நூலில் கட்டி ஆட்டினார். அது தானாக நிற்கும்வரை கணவர் மரக்கறிப் பையோடு வாசலில் நின்றாராம். மண்ணரிப்புப் பாடத்தின்போது சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. எதை விளக்கினாலும் கடைசியில் “விளங்குதா?” என்று கேட்பார். நாங்கள் தலையாட்டினால், “எனக்கு இன்னும் இல்ல” என்பார்.

இந்தக் கடல் அவரை மூன்று நாள் படுத்தியது. ஆழ்கடல் அகழியில் கடல்தரை கீழே அமிழ்கிறது. அகழிக்குப் பின்னால் ஒரு தீவு வரிசை. அதற்கும் பின்னால் நிலம் இழுபட்டு, மெலிந்து, ஒரு கடல் திறக்கிறது. பிற்காலத்தில் அதே கடல் நெருக்கப்படுகிறது. அக்கா அழகாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் தாளைப் பார்வையிட்ட ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் நாகேந்திரம், நெருக்கப்படும் வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் ‘முரண்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்.

மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். “அரைக் கடலைப் படிச்சிட்டுப் போற பிள்ளை சோதனையில என்ன எழுதும்?” என்று அக்கா தாள்களைக் கைப்பையில் செருகினார். என்னையும் இழுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார்.

நாகேந்திரம் சேர் எங்களை வரவேற்று உட்காரச் சொன்னார். வெட்டிய வாக்கியத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் வகுப்பறைக் குரலானது. “ஒரு கடல் இழுபடுதெண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி நெருக்குப்படுதெண்டு சொல்லுங்கோ. ரெண்டையும் சொன்னா என்ன பிள்ளை அர்த்தம்?”

“ரெண்டும் ஒரே நாள்ல இல்ல சேர். முதல்ல ஒன்னு, கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு மத்தது.” சொல்லிவிட்டு அக்கா நீளச் சோபாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். “சேர், இந்த ஓரத்துல இருங்க. நீங்கதான் கண்டம். மிஸிஸ், நீங்க பக்கத்துல இருங்க. நீங்க தீவு.”

தேநீர்த் தட்டோடு வந்த சேரின் மனைவி கௌரி, தட்டை என் மடியில் வைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

“மிஸிஸுக்கு முன்னால அகழி. அமிழுற தரை பாரமாகி, அகழி பின்வாங்குது. தீவும் அதோட போகுது. தள்ளிப் போங்க.”

கௌரி தள்ளிப் போனார். சோபா உறை விறைப்பாக இழுபட்டது. நடுவில் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம் திறந்தது. அக்கா குனிந்து அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். “இதுதான் கடல். இப்ப அகழி நின்டுட்டுது.”

“ஏன் நிக்குது?” என்றார் சேர் விடாமல்.

“சோபா முடிஞ்சுது” என்றார் கௌரி.

“சேர், நீங்க மிஸிஸ் பக்கம் நகருங்க.”

சேர் நகர்ந்தார். உறை தளர்ந்து, சுருங்கி, வரம்பு வரம்பாக மடிந்து எழும்பியது. “இழுபடக்குள்ள வெடிச்சு இறங்கின இடமெல்லாம், நெருக்கக்குள்ள அதே வெடிப்பு வழியா மேல ஏறும். ஜப்பானுக்குப் பின்னால இருக்கிற கடலுக்கு இதுதான் நடக்குது. விளங்குதா?”

சேர் மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தார். பதில் கௌரியிடமிருந்து வந்தது. “கலியாணம் முடிச்ச புதுசில, படிக்கோணும், தள்ளி இரு எண்டதும் இவர்தான். பென்சன் எடுத்தாப்பிறகு கிட்ட வந்து நெருக்கிறதும் இவர்தான். இதில என்னப்பா முரண்?”

சேர் நகர்ந்த இடத்திலேயே இருந்தபடி அக்காவிடம் பேனாவை வாங்கி, ‘முரண்’ என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்தார். “வாக்கியம் இருக்கட்டும். கால்புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கோ.”

அக்கா நன்றி சொல்லி எழுந்தார். “எனக்கு இப்பதான் விளங்கிச்சு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தாள்களை ஒழுங்குபடுத்தினார். அடுத்த பக்கம் கண்ணில் பட்டது. எரிமலைப் பாடம். மூன்று இடத்தில் சிவப்பு மை.

யூஜினா அக்கா செருப்பைக் கழற்றினார்.