நாற்றங்காலில் இரண்டு தடங்கள்

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில், உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் நிலத்தை மனைவி பார்த்துக்கொள்கிறாள். இந்த வருடம் ஏரி நிறைந்ததால் நெல் வைக்கத் துணிந்தாள். நாற்று விரல் நீளம் வளர்ந்தபோது நாற்றங்காலில் திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்தது. நடவுக்கு ஆட்களைச் சொல்லியாகிவிட்டது. நாற்று போதாவிட்டால் பாதி நிலம் சும்மா கிடக்கும்.

"எல்லாம் இந்தக் கொக்குங்க வேலைதாங்க. காலையில போனா மிதிச்சிக்கிட்டு நிக்குதுங்க" என்றாள்.

பழுதான இயந்திரத்தைச் சுற்றிக் கம்பெனியில் மஞ்சள் கறுப்பு நாடா கட்டுவோம். அதில் தூக்கிப்போட இருந்த மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்து, நாற்றங்காலைச் சுற்றியும் குறுக்கேயும் கட்டினோம். காற்றில் படபடத்தது. பக்கத்து வயல்காரம்மா வரப்பில் நின்று பார்த்தார்.

"ஏன் தம்பி, உள்ள மெஷின் எதுனா ஓடுதா? நாங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டுதான் வரணுமா?"

கொக்குகள் வரவில்லை. சொட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் சேற்றோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். கொக்கின் பழைய தடங்கள் இறுகிப்போயிருந்தன. முன்னால் மூன்று விரல், பின்னால் நீளமாக ஒன்று, அடிக்கு அடி நல்ல இடைவெளி. அது மிதித்த நாற்று சாய்ந்திருந்ததே தவிர அறுபடவில்லை. பாதி நிமிர்ந்தும் விட்டது. சொட்டையின் ஓரத்தில் இருந்தவை புதுத் தடங்கள். பொடியாக, நெருக்கமாக, நடுவே வால் இழுத்த கோடு. அங்கே ஒவ்வொரு நாற்றும் அடியில் பிளேடால் சீவியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது.

மனைவி ஒரு நாற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எலி. அது வர்றது நம்ம கண்ணுல படல. கொக்கு பட்டப்பகல்ல வெள்ளையா நின்னுச்சு, மாட்டிக்கிச்சு."

"கொக்கு, எலிக்குஞ்சு கிடைச்சா அதயும் முழுங்கும்" என்றேன்.

"அப்ப காவலுக்கு இருந்தத தொரத்திட்டு, எலிக்கு வேலி கட்டிக் குடுத்திருக்கோம். அவுருங்க மொதல்ல அத."

நாடாவை அவிழ்த்தோம். வரப்பில் புல்லைச் சீவி, எலி வளைகளை வெட்டி, எலி மாட்டும் மூங்கில் கிட்டிகளை வைத்தோம். அதன்பிறகு புதிதாகச் சொட்டை விழவில்லை.

நடவன்று கடைமூலைக்கு மட்டும் நாற்று எட்டவில்லை. அங்கே தண்ணீர் வெறுமனே தேங்கி நின்றது. மறுநாள் காலை அதில் ஒரு கொக்கு அசையாமல் நின்றிருந்தது. மண்வெட்டியோடு வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, வேறு வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.