காகத்துக்கு வைத்த சோறு

காதர் வாத்தியாரின் சாவுக்கு நானும் ஒரு காரணம். அதை மறைத்துக்கொண்டுதான் மாலை வாங்கினேன், கைதட்டல் வாங்கினேன், ஆராய்ச்சிக்காரன் என்ற பெயரையும் வாங்கினேன்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆராய்ச்சி பொய்யல்ல. நாங்கள் வென்றோம். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு இன்றைக்கும் நிமிர்கிறது. குற்றம் செய்தவனுக்குப் பெருமை எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள்... கேளுங்கள். பெருமையும் என்னுடையதுதான், குற்றமும் என்னுடையதுதான்.

பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நான், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில், வெள்ளைக்கார டாக்டர் துரை ஒருவருக்கு உதவியாளனாக இருந்தேன். அந்நாளில் ஊரைப் பிடித்து ஆட்டியது பெரிபெரி. கால் மரத்து வீங்கும், நடை தள்ளாடும், சிலருக்கு நினைவும் மங்கும். ஒருநாள் இருதயம் சட்டென்று நின்றுவிடும். கெட்ட காற்று என்றார்கள், ஈரத் தரை என்றார்கள், கிருமி என்றார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது.

காதர் எனக்கு இளையவர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். சூலியா தெருவுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விடுதியிலேயே தங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாகச் சாப்பிடுபவர். ஒருநாள் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, ஹாஸ்டல் பிள்ளைங்க நேத்துப் படிச்சத இன்னைக்கு மறந்துடுதுங்க. வீட்டுல புழுங்கல் அரிசி சாப்பிட்டுட்டு வர்ற பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகலலா. எனக்கு அந்த வெள்ளை அரிசி மேலதான் சந்தேகம்.”

துரையிடம் அழைத்துப் போனேன். துரையின் மனத்திலும் அதே சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. கோழிகளை வைத்துச் சோதிப்பது என்று முடிவாயிற்று. ஒரு வரிசைக் கூண்டுகளுக்கு, விடுதியில் பொங்கும் அதே சயாம் வெள்ளை அரிசி. மற்ற வரிசைக்குப் புழுங்கல் அரிசி. வெளியிலிருந்து ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது என்பது துரையின் கட்டளை. கூண்டுகளுக்குப் பொறுப்பு நான்.

வாரங்கள் சென்றன. வெள்ளை அரிசிக் கோழிகள் ஒவ்வொன்றாகக் கால் மடங்கி விழுந்தன. கழுத்து பின்னால் வளைந்தது. புழுங்கல் அரிசிக் கோழிகளோ கொக்கரித்துத் திரிந்தன. ஆகா, அந்த நாட்களின் ஆனந்தத்தை என்னவென்று சொல்வேன்! உலகம் தேடிய காரணம் எங்கள் கூண்டுக்குள் அகப்பட்டுவிட்டது என்று நானும் காதரும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தோம்.

ஒன்றே ஒன்று விழவில்லை. கோடிக் கூண்டிலிருந்த சிவப்புப் பெட்டை. சிவப்பி என்று பெயர் வைத்திருந்தோம். அதே வெள்ளை அரிசியைத் தின்றுவிட்டு ராணி போல நடந்தது.

விடுதிக் கமிட்டியின் தலைவர் வந்து பார்த்தார். குற்றம் அரிசியில் என்றால் இது எப்படி நிற்கிறது என்று கேட்டார். இதுவும் விழட்டும், அன்றைக்கே அரிசியை மாற்றுகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

இனிதான் என் கதை...

என் தகப்பனார் காலமான வருஷம் அது. காகத்துக்கு வைக்காமல் நான் வாயில் சோறு வைப்பதில்லை. மத்தியானச் சாப்பாடு வேலைத்தலத்தில் என்பதால், மனைவி கேரியரின் மேல்தட்டில் காகத்துக்கென்று ஒரு பிடி தனியாக வைத்து அனுப்புவாள். எங்கள் வீட்டில் எப்போதும் புழுங்கல் அரிசிதான். அந்தப் பிடியைக் கூண்டு வரிசையின் கோடியில், குட்டைச் சுவரின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போவேன். திரும்பி வந்தால் சோறு இருக்காது.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

“காகம் சாப்பிட்டதே?”

“சாப்பிட்டது.”

“அப்ப மாமா வந்திட்டார்,” என்பாள். எனக்கும் மனம் குளிர்ந்துவிடும்.

ஒருநாள் துவாலையை மறந்து பாதி வழியில் திரும்பினேன். கம்பிக்கிடையே கழுத்தை நீட்டி, என் தகப்பனாருக்கு வைத்த சோற்றைச் சிவப்பி கொத்திக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு காகம் இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? துரையிடம் ஓடியிருப்பீர்கள். ஓடியிருந்தால் அதுவே எல்லாவற்றிலும் பெரிய சாட்சியாகியிருக்கும்! வெள்ளை அரிசி தின்ற கோழியை ஒரு பிடிப் புழுங்கல் சோறு நிற்க வைத்தது என்று அன்றைக்கே கமிட்டியின் வாயை அடைத்திருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் ஓடவில்லை. கட்டளையை மீறியவன் என்று வேலை போய்விடுமே என்ற பயம். டாக்டர்கள் கூடும் சபையில் என்னையும் பேசவைப்பதாகத் துரை சொல்லியிருந்தார், அந்த ஆசை வேறு. மறுநாளிலிருந்து காகச்சோற்றை முன்புறத்து மாமரத்தடிக்கு மாற்றினேன். சில வாரங்களில் சிவப்பி தானாக விழும், முடிவு சுத்தமாக வரும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள்!

அந்தச் சில வாரங்களில்தான் காதரின் கால்கள் வீங்கின. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். அங்கேயும் வெள்ளை அரிசிச் சோறுதான். என் கேரியரைத் திறந்து அவர் முன்னால் வைத்து, இதைச் சாப்பிடும் தம்பி என்று கெஞ்சினேன். அவர் கேரியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“சிவப்பி நிக்குதாண்ணே?”

“நிக்குது.”

“அப்ப சோத்துல குத்தமில்லலா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். பிள்ளைங்க திங்கறதயே நானும் திங்கறேன். உங்க சோத்த நீங்க சாப்பிடுங்க.”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதனின் இருதயத்துக்கும் கோழியின் காலுக்கும் நான் தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலையில் சிவப்பி விழுந்தது! கால் மடங்கி, கழுத்து வளைந்து, மற்றக் கோழிகளைப் போலவே விழுந்தது. நான் கூத்தாடினேன். துரைக்குச் சொல்லும் முன்பே காதரிடம் ஓடினேன். வார்டு வாசலிலிருந்தே, விழுந்துவிட்டது தம்பி, விழுந்துவிட்டது என்று கத்திக்கொண்டு போனேன். அவருடைய கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். விடிகாலையில் போய்விட்டார் என்றாள் தாதி.

ஆனாலும் வெற்றி வெற்றிதான்! துரை சிவப்பிக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார். சில நாட்களில் அது எழுந்து நின்றது, நடந்தது, கொக்கரித்தது. கமிட்டித் தலைவர் சொன்ன சொல் காத்தார். விடுதி அரிசி மாறியது, ஆஸ்பத்திரி அரிசியும் மாறியது. சுவரைப் பிடித்து நடந்த பிள்ளைகள் அடுத்த விளையாட்டு விழாவில் பாடாங் திடலில் ஓடினார்கள். மறந்த பாடங்களை மளமளவென்று ஒப்பித்தார்கள். அதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை.

சபையிலும் பேசினேன். வெள்ளைக்கார டாக்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே நம்மவர்கள் மாலையோடு காத்திருந்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: எல்லாக் கோழியும் விழுந்த பிறகும் அந்தச் சிவப்புக் கோழி மட்டும் ஏன் அவ்வளவு நாள் நின்றது?

காதர் எனக்கு அளித்த கடைசிச் சந்தர்ப்பம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

சில உயிர்களுக்கு இயற்கையிலேயே தாங்கும் சக்தி அதிகம் என்று பதில் சொன்னேன். அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். துரை தலையாட்டினார், மறுபடியும் கைதட்டினார்கள். அந்த வாக்கியத்தை வைத்தியப் பள்ளிகளில் இன்னும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு வாத்தியாரைக் கொன்ற பொய்யை வாத்தியார்களே ஒப்புவிக்கிறார்கள்... இதைவிட எனக்கு என்ன தண்டனை வேண்டும்? அதுவும் போதாது என்றுதான் தோன்றுகிறது.

மனைவி இன்றைக்கும் மத்தியானத்தில் காகத்துக்குச் சோறு வைக்கிறாள். அடுப்படியில் இருந்தபடியே, சாப்பிட்டதே என்று கேட்கிறாள்.

சாப்பிட்டது என்கிறேன். எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.